நீதிமன்றத்தின் தராசை நிறுத்துப் பார்ப்பது எப்படி?

கொல்கத்தாவில் பாங்க்ஷால் தெருவிலும் அலிப்பூரிலும் சியால்தாவிலும் உள்ள குற்றவியல் நீதிமன்றங்களில் நாள்தோறும் எத்தனையோ பேர் கூண்டில் ஏறி இறங்குகின்றனர். அவர்களுள் வங்காளியர் உளர். பீகாரிலிருந்து பிழைக்க வந்தோர் உளர். சந்தாலர், சபரர் முதலிய பழங்குடி மக்கள் உளர். எப்போதேனும் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர் ஒருவரும் இருக்கக்கூடும். இவர்கள் அனைவரையும் நீதிமன்றம் ஒரே கண்கொண்டு நோக்குகிறதா? 'ஆளுக்கு ஒரு நீதி' என்ற முறையீடு எல்லா ஊர்களிலும் கேட்கிறது. வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவர் அதனைச் சற்று அழுத்தமாகவே சொல்லுவர். ஆயினும் முறையீடு வேறு, நிரூபணம் வேறு. இனம், மதம், சாதி, மொழி ஆகியவற்றால் நீதியில் வேற்றுமை நேர்கிறதா என்பதை ஆராய்ச்சியாளர் எவ்வாறு அளக்கின்றனர் என்பதையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இவ்வாராய்ச்சிக்குக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் இல்லையென்றே சொல்லலாம். இங்கே ஒரு காலத்தில் பாகுபாடு ஒளிந்து நிற்கவில்லை. சட்டப் புத்தகத்திலேயே அச்சேறியிருந்தது. 1872 வரையில், உள்நாட்டு மாவட்டம் ஒன்றில் பெருங்குற்றம் புரிந்த ஐரோப்பியப் பிரிட்டிஷ் பிரஜையை அம்மாவட்டத்து நீதிமன்றம் விசாரிக்க இயலாது. அவரை மாகாணத் தலைநகரில் உள்ள உயர்நீதிமன்றத்துக்கே அனுப்ப வேண்டும். அவ்வாண்டில் விதி சற்றுத் தளர்ந்தது. எனினும் மாவட்டங்களில் அவரை விசாரிப்பவரும் ஐரோப்பியராகவே இருத்தல் வேண்டும் என்றாயிற்று. இதிலுள்ள விபரீதத்தை எடுத்துக் காட்டியவர் பிகாரிலால் குப்தா என்னும் வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. கல்கத்தாவில் மாகாண மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது அவர் வெள்ளையரை விசாரிக்கலாம். பதவி உயர்ந்து மாவட்டத்துக்குச் சென்றாலோ அந்த அதிகாரம் பறிபோய்விடும்! 1882-இல் அவர் எழுதிய குறிப்பே மறு ஆண்டில் இல்பர்ட் மசோதாவுக்கு வித்தாயிற்று. 1883 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் ஐரோப்பியர் கூடி எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டு ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் பின்வாங்கிற்று. 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று நம் முன்னோர் கொண்டாடிய அதே ரிப்பன்தான். 1884-இல் நிறைவேறிய சட்டம் இந்திய மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் செஷன்ஸ் நீதிபதிக்கும் ஒரு கையால் அதிகாரத்தைக் கொடுத்து, மறு கையால் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஐரோப்பியக் குற்றவாளி கோரினால், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ அமர்ந்த ஜூரியை அமைத்தாக வேண்டும். இந்தச் சலுகைகள் 1923-இல் பெரிதும் குறுகி, 1949-இல் சுதந்திர இந்தியாவின் சட்டத்தால் அடியோடு நீங்கின.

சட்டத்திலேயே ஓரம் இருந்த அக்காலத்தில், அதன் விளைவை எண்ணிக் காட்ட முற்பட்டவர் ராம் கோபால் சான்யால் என்னும் கல்கத்தாப் பத்திரிகையாளர். ஐரோப்பியருக்கும் சுதேசிகளுக்கும் இடையே நிகழ்ந்த குற்ற வழக்குகளை ஒவ்வொன்றாகத் திரட்டி 1890களில் அவர் நூலாக்கினார். அவ்வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் கதை ஒன்று உண்டு. வேலைக்காரனை எஜமானர் அடிக்கிறார், அவன் இறக்கிறான், மலேரியாவால் வீங்கியிருந்த மண்ணீரல் சிற்றடிக்கே வெடித்துவிட்டது என்று மருத்துவர் சாட்சி சொல்லுகிறார், கொலைக்குற்றம் சிறுகாயக் குற்றமாகச் சுருங்குகிறது. 1876-இல் நாடெங்கும் பேசப்பட்ட ஆக்ராவின் புல்லர் வழக்கு இவ்வகையினது. குதிரைக்காரனை அடித்த ஆங்கில வக்கீலுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 30 ரூபாய். இராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபுவே இதைக் கண்டு மனம் பொறாமல் கண்டனக் குறிப்பு எழுதினார்.

சான்யால் செய்ததை ஆராய்ச்சி முறைகளில் முதற்படி எனலாம். அதன் வலிமை வெளிப்படை: பெயர், ஊர், குற்றம், தண்டனை என்று அடுக்கினால் மறுப்பது அரிது. குறையும் அங்கேயே இருக்கிறது. ஊரறிய வெளிவந்த வழக்குகளே பட்டியலில் ஏறும். அநீதி மிக்க வழக்கே ஊரறிய வெளிவரும். முறையாகத் தண்டனை பெற்ற ஐரோப்பியர் எத்தனை பேர், அதே குற்றத்துக்கு இந்தியர் பெற்ற தண்டனை என்ன என்ற ஒப்பீடு அப்பட்டியலில் கிடைக்காது. அதற்கு நேர்மாறான ஓட்டையும் உண்டு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கூலியாள் ஒருவன் அடிபட்டால், சாட்சிகளுடன் பல நூறு மைல் கடந்து கல்கத்தா வந்து வழக்காடுவது நடக்கிற காரியமா? நீதிமன்றத்துக்கே வராத பிராதுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே பட்டியல் ஒரு புறம் மிகைப்படுத்தும், மற்றொரு புறம் குறைத்துக் காட்டும். எலிசபெத் கோல்ஸ்கி என்னும் வரலாற்றாசிரியர் 2010-இல் வெளியிட்ட நூலில் தீர்ப்புகளோடு நின்றுவிடவில்லை. தேயிலைத் தோட்டத்து வன்முறையையும், மருத்துவச் சாட்சியம் இனத்தைப் பற்றிய முன்முடிவுகளை எவ்வாறு சுமந்து வந்தது என்பதையும் அரசாங்க ஏடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். தீர்ப்பு என்ன என்பதைவிட, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்று படிப்பது சில வேளைகளில் அதிகம் கற்பிக்கிறது.

இன்று சட்டப் புத்தகத்தில் இனவேற்றுமை இல்லை. ஆதலால் வேற்றுமை இருந்தால் அதனை எண்களில்தான் தேட வேண்டும். எல்லோரும் முதலில் கையிலெடுப்பது தேசியக் குற்ற ஆவணக் கூடத்தின் ஆண்டுச் சிறை அறிக்கை. 2019-ஆம் ஆண்டு அறிக்கையின்படி விசாரணைக் கைதிகளில் 21 சதவீதம் பட்டியல் சாதியினர், 10.5 சதவீதம் பட்டியல் பழங்குடியினர், 18.7 சதவீதம் முஸ்லிம்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் இம்மூவரின் பங்கு முறையே 16.6, 8.6, 14.2 சதவீதம். மூன்று இடங்களிலும் சிறைப் பங்கு மக்கட் பங்கைவிட மிகுந்திருக்கிறது. இது கவனத்துக்குரிய செய்தி, ஐயமில்லை. ஆனால் இதிலிருந்து நீதிபதிகள் ஓரவஞ்சனை செய்கின்றனர் என்று முடிவு கட்டுவோர் அவசரக்காரர்; ஒன்றுமே இல்லை என்று தள்ளுவோரும் அப்படியே.

காரணம் சொல்லுகிறேன். இந்த எண்ணிக்கை டிசம்பர் 31 என்ற ஒரு நாளில் சிறைக்குள் இருந்தோரின் எண்ணிக்கை. ஒரு வாரத்தில் ஜாமீனில் வெளிவந்தவரை அந்த நாள் பிடிக்க வாய்ப்புக் குறைவு; மூன்றாண்டு அடைபட்டுக் கிடப்பவரையோ மூன்று முறையும் பிடித்துவிடும். எனவே இது எத்தனை பேர் கைதாயினர் என்பதைக் காட்டும் கணக்கன்று. யார் நெடுநாள் வெளிவர இயலாமல் தங்கிவிட்டனர் என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. 2022-இல் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள் என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். மேற்கு வங்காளத்தில் மற்றொரு சிக்கல். எல்லைப்புற மாநிலமாதலால் அயல்நாட்டுக் கைதிகள் இங்கே மிகுதி. அவர்களுள் பெரும்பாலோர் வங்கதேசத்தவர், எல்லை கடந்த வழக்கில் சிக்கியவர். அவர்களையும் சேர்த்துச் சிறையில் முஸ்லிம்களின் பங்கைக் கண்டு, அதனை மாநில மக்கட்தொகையில் முஸ்லிம்களுக்குள்ள 27 சதவீதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு பிசகும். மேலே எண்ணப்பட்டவர்கள் கீழே எண்ணப்படவே இல்லை! பின்னக் கணக்கு கற்ற பள்ளிச் சிறுவனுக்கும் இது புரியும்; ஆயினும் செய்தித்தாள்களில் இந்தத் தவறு அடிக்கடி காணப்படுகிறது.

இனி, ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிட வேண்டும் என்ற விதிக்கு வருவோம். முற்றிலும் கற்பனையான கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு கூட்டத்தார், ஒவ்வொன்றிலும் 100 பேர் ஜாமீன் கேட்கின்றனர். முதற் கூட்டத்தில் 65 பேருக்குக் கிடைத்தது. இரண்டாம் கூட்டத்தில் 35 பேருக்கே கிடைத்தது. பார்த்தவுடன் அநீதி என்று தோன்றும். குற்றத்தின் தன்மையைக் கொண்டு பிரித்துப் பார்த்தோமானால் காட்சி மாறுகிறது. முதற் கூட்டத்தில் 75 பேர் மீது இலேசான குற்றம், 25 பேர் மீது கடுங்குற்றம். இரண்டாம் கூட்டத்தில் இலேசானது 25, கடுமையானது 75. இலேசான குற்றத்தில் இரு கூட்டத்தாருக்கும் நூற்றுக்கு 80 பேருக்கு ஜாமீன். கடுங்குற்றத்தில் இரு கூட்டத்தாருக்கும் நூற்றுக்கு 20 பேருக்கு. கூட்டிப் பாருங்கள்: 60-உம் 5-உம் சேர்ந்து 65, 20-உம் 15-உம் சேர்ந்து 35. நீதிபதி இருவரையும் இம்மி பிசகாமல் சமமாக நடத்தியிருக்கிறார்.

இத்துடன் நின்றுவிட்டால் ஆராய்ச்சி பாதி வழியில் நின்றதாகும். இரண்டாம் கூட்டத்தார் மீது கடுங்குற்றம் சாட்டியது யார்? கைகலப்பு ஒன்றே. ஒருவன் செய்தால் சிறுகாயம், மற்றவன் செய்தால் கொலை முயற்சி என்று போலீஸ் நிலையத்து எழுத்தர் பிரிவுகளைப் போட்டிருந்தால், அந்தப் பிரிவைக் கொண்டே வழக்குகளை வகைப்படுத்தும் நம் கணக்கு அநீதியை மூடி மறைத்துவிடும். நீதிமன்றத்தில் வேற்றுமை மறைந்தது மெய். அது ஒரு படி முன்னே, போலீஸ் நிலையத்தில் போய் ஒளிந்துகொண்டது. ஆகவே அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர் ஒரே எண்ணை நம்புவதில்லை. கைது, குற்றப்பத்திரிகை, ஜாமீன், தீர்ப்பு, தண்டனை என்று படிப்படியாகச் சென்று, எந்தப் படியில் இடைவெளி விரிகிறது என்று தேடுவர். இங்கிலாந்தில் டேவிட் லாமி தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இம்முறையில்தான் சென்றது.

இந்தப் படிமுறையில் வியப்பான திருப்பம் ஒன்றும் உண்டு. ஒரு கூட்டத்தாரைத் தக்க சாட்சியமின்றிச் சந்தேகத்தின்பேரில் அடிக்கடி பிடித்தால், அவர்களுள் பலர் நீதிமன்றத்தில் விடுதலை பெறுவர். விடுதலை விகிதத்தை மட்டும் காண்பவர் 'இவர்களுக்கு நீதிமன்றம் சலுகை காட்டுகிறது' என்பார்! மெய்யில், மிகுதியான விடுதலையே முறையற்ற கைதுக்குச் சாட்சியாகலாம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமை தமிழகத்துக்குப் புதிதன்று. 1920-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை நம்மவர் மறக்கவில்லை. வங்காளத்தில் லோதா, கேரியா சபரர் ஆகியோர் அதே முத்திரையைச் சுமந்தனர். சட்டம் 1952-இல் நீங்கியும் முத்திரை நீங்கவில்லை. 1998 பிப்ரவரியில் புரூலியா மாவட்டத்தைச் சேர்ந்த புதன் சபர் காவலில் இறந்தபோது அது தற்கொலை என்று சொல்லப்பட்டது. எழுத்தாளர் மகாசுவேதா தேவி முன்னின்று உழைத்த கேரியா சபர் நலச் சங்கம் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடிற்று. நீதிபதி ரூமா பால் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கும், இறந்தவரின் மனைவிக்கு இழப்பீட்டுக்கும் ஆணையிட்டார். எந்தத் தீர்ப்புப் புள்ளிவிவரத்திலும் இந்த மனிதர் இடம்பெறமாட்டார். ஏனெனில் அவர் வழக்கு தீர்ப்பு வரை வரவில்லை.

குற்றவாளியின் இனத்தை மட்டும் நோக்கினால் போதாது, குற்றத்துக்கு இரையானவரின் இனத்தையும் சேர்த்து நோக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலிருந்து கிடைத்த பாடம். ஜார்ஜியா மாநிலத்தில் 2,000-க்கு மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் என்னும் பேராசிரியரின் குழு ஆராய்ந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருப்பின் மரண தண்டனைக்கான வாய்ப்பு பன்மடங்கு உயர்வதைக் கண்டது. 1987-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த எண்களை மெய்யென்றே வைத்துக்கொண்டு, ஆயினும் இந்த ஒரு கைதியிடம் பாரபட்சம் காட்டப்பட்டது நிரூபணமாகவில்லை என்று 5-க்கு 4 என்ற வாக்கில் மனுவைத் தள்ளிற்று. எண் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது; நீதிமன்றம் தனி மனிதனைப் பற்றிக் கேட்கிறது. புல்லர் வழக்கையும் இந்தக் கண்கொண்டு நோக்கலாம்: அங்கே அடித்தவர் யார் என்பது மட்டுமன்று, மாண்டவன் யார் என்பதும் 30 ரூபாயில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்த பேராய்வு ஒன்று 2010 முதல் 2018 வரையிலான 50 லட்சத்துக்கு மேற்பட்ட குற்ற வழக்குகளை நீதிமன்றங்களின் மின்னணுப் பதிவேடுகளிலிருந்து திரட்டியது. பதிவேட்டில் மதம் இராது. ஆகவே பெயரைக் கொண்டு கணினி மதத்தையும் பாலையும் ஊகித்தது. வழக்குகள் எந்த நீதிபதியிடம் போகும் என்பது பெரும்பாலும் முறை வரிசைப்படி அமைவதால், முஸ்லிம் குற்றவாளிகள் முஸ்லிம் நீதிபதியிடம் சென்றபோது விடுதலை மிகுந்ததா என்று ஒப்பிட முடிந்தது. மொத்தத்தில் அவ்வாறு மிகவில்லை. ஆண், பெண் வேற்றுமையிலும் அப்படியே. மகிழ்ச்சியான முடிவுதான். ஆயினும் இந்த ஆய்வு கேட்ட கேள்வி, நீதிபதிகள் தத்தம் கூட்டத்தாருக்குத் தனிச் சலுகை காட்டுகின்றனரா என்பது. எல்லா நீதிபதிகளும் ஒரேமாதிரி ஒரு கூட்டத்தாரிடம் கடுமை காட்டினால் இந்த அளவுகோலில் அது தெரியாது. பெயரை நம்புவதிலும் சங்கடம் உண்டு. வங்காளத்தில் மண்டல், பிஸ்வாஸ், சர்க்கார் என்ற குடும்பப் பெயர்கள் இந்துக்களுக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. தமிழருக்கோ குடும்பப் பெயரே இல்லை. தந்தையின் தலையெழுத்தைக் கண்டு எந்தக் கணினி எதை ஊகிக்கும்?

எனவே பெரிய எண்ணிக்கையோடு, சிறிய மாதிரியைக் கூர்ந்து படிப்பதும் வேண்டும். இதற்கு வழிகாட்டியும் இந்நகரத்தவரே. 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை இங்கு நிறுவிய மகாலனோபிஸ், வங்காளத்துச் சணல் பயிரை மதிப்பிட்டபோது ஓர் உத்தியைக் கையாண்டார். ஒரே வட்டாரத்தில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவர் கண்டதை மற்றவர் அறியாதவாறு இரு குழுவினரை அனுப்புவார். இரு முடிவுகளும் ஒத்துவந்தால் நம்பலாம். முரண்பட்டால் அளந்தவரின் கைப்பிழை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். வழக்குக் கட்டுகளுக்கும் இது பொருந்தும். 'நீதிபதி கடுமையாகப் பேசினார்' என்றோ 'சாட்சியம் பலவீனமானது' என்றோ ஒருவர் குறித்தால், குற்றவாளியின் பெயரை மறைத்து அதே கட்டை இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

மொழிக்கு வருவோம், இது நேயர்களுக்கு நெருங்கிய செய்தி. குற்றவாளிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவர் நேரில் இருக்கும்போது அதனை அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. விதி இருக்கிறது, வங்காளியில் ஒருவர் ஐந்து நிமிடம் சொன்னதைத் தமிழில் ஐந்தே சொல்லில் முடித்துவிட்டால் விதி நிறைவேறியதா? இதனை எந்தப் பதிவேடும் சொல்லாது. விசாரணை பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆதலால் ஆராய்ச்சியாளர் மன்றத்தில் அமர்ந்து கேட்டு, பெயர்ப்பாளர் வந்தாரா, எத்தனை முறை குற்றவாளி கேள்வியைத் திரும்பக் கேட்டார், வக்கீலும் அவரும் பேசிக்கொள்ள எவ்வளவு நேரம் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளலாம்.

ஜாமீனில் நிகழ்வது இதனினும் நுட்பமானது. மோத்திராம் என்னும் கொத்தனாரின் வழக்கு 1978-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். சகோதரர் பிணை நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று அதனை ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் வெகுண்டார். ஒரு மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ தொலைதூரத்து ஊர் ஒன்றில் கைதானால், அந்த மாவட்டத்துப் பிணைக்கு எங்கே போவார் என்று அவர் கேட்டார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொத்தனாரை விடுவிக்குமாறு ஆணை பிறந்தது. இங்கே எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் தமிழர் மேல் பகை இருக்க வேண்டியதில்லை. 'உள்ளூர்ப் பிணையாள் தேவை' என்ற விதி எல்லோருக்கும் பொதுவானதே. ஆனால் மூன்று தலைமுறையாகப் பவானிப்பூரில் வீடு வைத்திருப்பவருக்கு அது ஒரு மணி நேர வேலை. சென்ற ஆண்டு ஹௌராவில் வந்திறங்கியவருக்கோ சிறையில் கழியும் மாதங்கள். தீர்ப்புகளை மட்டும் எண்ணும் ஆய்வு இதைக் காணாது. நீதிபதியின் மனத்தைத் தேடும் ஆய்வும் காணாது.

இதனை அளப்பது கடினமன்று. ஒரு நீதிமன்றத்தின் ஆறு மாத ஜாமீன் ஆணைகளை வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பிரிவுக் குற்றங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். ஆணை பிறந்த நாளையும், சிறைக்கதவு திறந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். குற்றவாளியின் சொந்த மாநிலத்தைக் கொண்டு பிரித்தபின், இரு நாட்களுக்கும் இடையே மேற்கு வங்காளத்தவர் எத்தனை நாள் காத்திருந்தார், பீகாரியர் எத்தனை நாள், ஒடியர் எத்தனை நாள், தமிழர் எத்தனை நாள் என்று எண்ண வேண்டும். பிணையாளை மறுத்த வழக்குகளில், மறுப்புக்கு மாஜிஸ்திரேட் எழுதிய காரணத்தை அவருடைய சொற்களிலேயே தனி ஏட்டில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.